மெய்ப்பாடும் மனநோயும்: மைசூர்ச் சீமையில் ஓர் ஆராய்ச்சி வரலாறு

உள்ளத்தில் எழும் உணர்ச்சி உடம்பில் வெளிப்படுவதற்கு நம் முன்னோர் வைத்த பெயர் மெய்ப்பாடு. மெய் என்றால் உடம்பு. பயந்தால் நாக்கு வறண்டு போகிறது. கோபம் வந்தால் கண் சிவக்கிறது. துக்கம் வந்தால் தொண்டை அடைக்கிறது. இதெல்லாம் யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் தொல்காப்பியப் பொருளதிகாரம் இதற்கென்றே மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயலை ஒதுக்கியிருக்கிறது. நகை, அழுகை, அச்சம், வெகுளி முதலாக எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லி, ஒவ்வொன்றும் நான்கு காரணத்தால் பிறக்கும் என்று அது வகுக்கிறது. அழுகைக்குச் சொல்லும் காரணங்களைப் பாருங்கள்: உள்ளதை இழப்பது, வறுமையில் விழுவது, பிறர் நம்மை இழிவாக நடத்துவது, முன்பிருந்த நல்ல நிலையிலிருந்து தாழ்ந்து போவது. இன்றைக்கு ஒரு மனநல மருத்துவர் நோயாளியின் வீட்டாரிடம் முதலில் விசாரிப்பதும் ஏறக்குறைய இவற்றைத்தான்.

நம் சங்க மலரில் கோயில், கல்வெட்டு, காப்பியம் பற்றி எழுதுவது வழக்கம். இம்முறை மனநோய் ஆராய்ச்சியைப் பற்றி எழுத விரும்பினேன். சாமராஜநகரில் மஞ்சள் மண்டி வைத்திருப்பவனுக்கு இதில் என்ன தெரியும் என்று கேட்கலாம், கேள்வி நியாயம்தான். நான் சிகிச்சை சொல்ல வரவில்லை, வரலாற்றை மட்டும் சொல்லுகிறேன். இதை எழுதக் காரணம், வெளிமாநிலத்தில் வாழும் நம் குடும்பங்களில் அடிக்கடி காதில் விழுகிற இரண்டு பேச்சு. ஒன்று, "எல்லாம் மனசுதாங்க, தைரியமா இருந்தா சரியாப் போயிடும்" என்பது. இன்னொன்று, "மாத்திரையைத் தூக்கிப் போடுங்க, யோகா பண்ணுங்க" என்பது. இரண்டுமே அரைகுறைப் பேச்சு என்பதை நாம் குடியிருக்கும் இந்த மைசூர்ச் சீமையிலேயே நடந்த ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன.

கனககிரியிலிருந்து தொடங்குவோம்

சாமராஜநகரின் பழைய பெயர் அரிகொட்டாரம். மும்மடி கிருஷ்ணராஜ உடையார் தம் தந்தை சாமராஜ உடையார் பிறந்த ஊர் என்பதால் 1818இல் இந்தப் பெயரை வைத்தார். ஊரிலுள்ள பார்சுவநாதர் பஸதி அதற்கும் எழுநூறு ஆண்டு மூத்தது. போசள மன்னன் விஷ்ணுவர்த்தனனின் தண்டநாயகன் புணிசன் 1117இல் கட்டியது. இதே தாலுக்காவில் மலையூரில் கனககிரி இருக்கிறது. பூஜ்யபாதர் தவம் செய்த மலை என்று அதைச் சமணர் போற்றுவர்.

பூஜ்யபாதர் தத்துவார்த்த சூத்திரத்துக்கு எழுதிய உரை சர்வார்த்தசித்தி. அந்த நூலில் ஆர்த்தத் தியானம் என்று ஒரு பகுதி வருகிறது. துயரத்திலேயே மனம் சுழன்று கொண்டிருக்கும் நிலை அது. அது நான்கு வழியில் உண்டாகும்: வேண்டாதது வந்து சேருவது, வேண்டியது பிரிந்து போவது, உடல் வேதனை, இனி வரவேண்டிய இன்பத்துக்காக ஏங்குவது. இங்கே நான் சமயம் பேசவில்லை. உடல் வேதனை மனத்துயரத்துக்கு ஒரு வாசல் என்பதை அவர்கள் கண்டு தனியாக எழுதி வைத்தார்கள் என்பதே இங்கு கவனிக்கத்தக்கது. மெய்ப்பாட்டியல் உள்ளத்திலிருந்து உடம்புக்கு வரும் பாதையைச் சொன்னது. இது உடம்பிலிருந்து உள்ளத்துக்குப் போகும் பாதையைச் சொல்லுகிறது. பிற்கால ஆராய்ச்சி முழுவதும் இந்த இரண்டு பாதைகளையும் அளந்து பார்த்த கதைதான்.

மதிலுக்குள் அடைத்த காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பெங்களூரில் பைத்தியக்கார ஆஸ்பத்திரி ஒன்று ஏற்பட்டது. அந்தக் காலத்தில் அதன் முதல் வேலை காவல். நோயாளியால் ஊருக்குத் தொந்தரவு வரக்கூடாது, அவ்வளவுதான். 1912இல் வந்த இந்தியச் சட்டத்தின் பெயரே பைத்தியச் சட்டம். அதில் நோயாளியை உள்ளே சேர்ப்பதற்கு மாஜிஸ்திரேட்டின் உத்தரவு முக்கியம்.

மைசூர் சமஸ்தானம் 1925இல் அந்தப் பெயரை மாற்றி மனநோய் ஆஸ்பத்திரி என்று ஆக்கியது. பெயர் மாற்றம்தானே என்று தள்ளிவிட முடியாது. அடைத்து வைக்கும் இடம் வைத்தியம் பார்க்கும் இடமாக மாறுகிறது என்பதற்கு அது அடையாளம். டாக்டர் பிராங்க் நொரோனா அப்போது அதன் பொறுப்பில் இருந்தார். 1930களில், சர் மிர்சா இஸ்மாயில் திவானாக இருந்தபோது, ஓசூர் சாலைப் பக்கம் அதற்குப் புதிய கட்டடங்கள் எழுந்தன. இன்று நிம்ஹான்ஸ் இருக்கிற இடம் அதுதான்.

மகாராஜா கல்லூரியும் மனோதத்துவமும்

இதே காலத்தில் மைசூரில் வேறொரு வேலை நடந்தது. 1924இல் மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறை தொடங்கப்பட்டது. இந்தியாவில் கல்கத்தாவுக்குப் பிறகு இந்தத் துறை கண்ட முதல் சில இடங்களில் இது ஒன்று. அப்போது துணைவேந்தராக இருந்தவர் தத்துவ அறிஞர் பிரஜேந்திரநாத் சீல். துறையை நடத்தியவர் எம்.வி. கோபாலசுவாமி, லண்டனில் ஸ்பியர்மன் என்ற புகழ்பெற்ற உளவியலாரிடம் பயின்றவர். மனத்தைப் பற்றிப் பேசினால் போதாது, அளக்க வேண்டும் என்பது அந்த மரபு. 1935இல் தம் வீட்டிலேயே ஆகாசவாணி என்ற பெயரில் வானொலி நிலையம் தொடங்கியவரும் இவரேதான். அந்தப் பெயர் பின்னால் நாடு முழுவதும் பரவியது எல்லோரும் அறிந்தது.

நின்றது இதயமா, நாடியா?

அதே 1935இல் தெரேஸ் புரோஸ் என்ற பிரெஞ்சு இதய மருத்துவர், தூக்கிச் செல்லக்கூடிய இசிஜி கருவி ஒன்றை எடுத்துக்கொண்டு இந்தியா வந்தார். யோகிகள் இதயத்தையே நிறுத்துவார்கள் என்று உலகம் பேசிக்கொண்டிருந்த காலம். நால்வடி கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவில் மைசூரில் யோகசாலை நடத்திவந்த திருமலை கிருஷ்ணமாச்சாரியாரையும் அவர் சோதித்தார். இசிஜியில் கோடு ஏறக்குறைய மறைந்துபோகும் அளவுக்குச் சிறுத்தது; இதயம் நின்றதாகவே பலர் எடுத்துக்கொண்டார்கள்.

இருபது ஆண்டு கழித்து வெங்கர், பக்சி என்ற இரு அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், டெல்லி மருத்துவர் ஆனந்துடன் சேர்ந்து மறுபடி அளந்தார்கள். அப்போது சென்னையில் இருந்த கிருஷ்ணமாச்சாரியாரும், அந்த வயதிலும், தாம் செய்யும் முறையைக் காட்டினார். 1961இல் முடிவு வெளிவந்தது. மூச்சை அடக்கி, மார்புத் தசைகளையும் வயிற்றுத் தசைகளையும் இறுக்கும்போது இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைகிறது. மணிக்கட்டில் நாடி மறைகிறது. ஸ்டெதாஸ்கோப்பில் ஒலியும் கேட்பதில்லை. ஆனால் இசிஜியில் துடிப்பு தொடர்ந்து பதிவாகிறது. இதயம் நிற்கவில்லை.

இதனால் யோகத்துக்கு இழுக்கு ஒன்றும் இல்லை. மூச்சாலும் தசையாலும் உள்ளுறுப்புகளின் போக்கை மனிதனால் இவ்வளவு மாற்ற முடியும் என்பதே பெரிய செய்தி. எங்கள் மண்டியில் விரலி மஞ்சளை உடைத்து உள்நிறம் பார்க்காமல் யாரும் விலை சொல்லுவதில்லை. மேல்தோல் எவ்வளவு மினுங்கினாலும் சரி. யோகத்தையும் அப்படி உடைத்துப் பார்த்து, இருப்பதை இருக்கிறது என்றும் இல்லாததை இல்லை என்றும் எழுதினார்கள். அந்தப் பழக்கம்தான் பிற்பாடு நோயாளிகளுக்குப் பயன்பட்டது.

ஒரு வேர் சொன்ன பாடம்

நம் நாட்டு மூலிகை சர்ப்பகந்தாவையும் இந்த வரிசையில் சேர்க்க வேண்டும். கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இரு கல்கத்தா மருத்துவர்கள், அந்த வேர் இரத்த அழுத்தத்தையும் குறைக்கிறது, மூர்க்கமான மனநோயாளியையும் அமைதிப்படுத்துகிறது என்று 1931இல் எழுதினார்கள். 1952இல் சுவிட்சர்லாந்து மருந்துக் கம்பெனி ஒன்றில் அதிலிருந்து ரெசர்பின் என்ற சத்தைப் பிரித்தெடுத்தார்கள். இரத்த அழுத்தத்துக்கு அதைச் சாப்பிட்டவர்களில் சிலர், காரணமே இல்லாமல் மனம் சோர்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களுக்கு இழப்பும் இல்லை, வறுமையும் இல்லை, ஒரு மாத்திரைதான். அந்த மருந்து மூளையில் சில இரசாயனங்களைக் குறைக்கிறது என்பதைக் கண்டபிறகு, மனச்சோர்வுக்கும் மூளை இரசாயனத்துக்கும் தொடர்பு உண்டு என்ற ஆராய்ச்சிக்கு அது ஒரு தூண்டுகோல் ஆயிற்று. காரணம் அவ்வளவு எளிதல்ல என்று இன்றைய அறிவியல் சொல்லுகிறது. ஆனாலும் "எல்லாம் மனசுதாங்க" என்பவர்களுக்கு இந்த வேர் ஒரு பதில் வைத்திருக்கிறது.

நிம்ஹான்ஸ் காட்டிய கணக்கு

நாடு விடுதலை பெற்ற பிறகு, போர் குழுவின் 1946 அறிக்கையை அடியொற்றி, 1954இல் பெங்களூரில் அகில இந்திய மனநலக் கழகம் அமைந்தது. அதன் முதல் இயக்குநர் டாக்டர் எம்.வி. கோவிந்தசுவாமி. மனநோய் மருத்துவத்துக்கும் மருத்துவ உளவியலுக்கும் பட்டயப் படிப்புகள் அங்கே தொடங்கின. மருத்துவரும் உளவியலாரும் ஒரே நோயாளியைச் சேர்ந்து பார்க்கும் வழக்கம் அங்கே வேரூன்றியது. அந்தக் கழகமும் பழைய ஆஸ்பத்திரியும் 1974இல் இணைந்து நிம்ஹான்ஸ் ஆயின.

அங்கே நடந்த மூன்று ஆய்வுகளைச் சொல்லுகிறேன்.

முதலாவது 2000இல் வெளிவந்தது. டாக்டர் ஜானகிராமையா, டாக்டர் கங்காதர் முதலானோர் செய்தது. கடுமையான மனச்சோர்வால் ஆஸ்பத்திரியில் சேர்ந்த 45 பேரைச் சீட்டுப் போடுவதுபோல் மூன்று பிரிவாக்கினார்கள். பிரிவுக்கு 15 பேர். ஒரு பிரிவுக்கு மின் அதிர்வுச் சிகிச்சை, ஒரு பிரிவுக்கு இமிப்ரமின் மாத்திரை, ஒரு பிரிவுக்குச் சுதர்சனக் கிரியை என்னும் மூச்சுப் பயிற்சி. நான்கு வாரத்தில் மூன்று பிரிவுகளிலும் குணம் தெரிந்தது. நோய் நீங்கியவர்கள் மின் அதிர்வில் நூற்றுக்கு 93, மாத்திரையில் 73, மூச்சுப் பயிற்சியில் 67. மூச்சுப் பயிற்சி மாத்திரைக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. இது சாதாரண விஷயமல்ல. ஆனால் நம்மவர்கள் பெயரைக் கேட்டாலே நடுங்குகிற "கரண்ட் ஷாக்"தான் முதலில் நின்றது. அதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். அந்தச் சிகிச்சையை மயக்க மருந்து கொடுக்காமல் செய்யக்கூடாது என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடுத்துவிட்டது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

இரண்டாவது 2006. குடிப்பழக்கத்திலிருந்து மீளச் சேர்ந்த 60 பேர். உடம்பிலிருந்து குடியின் வேகம் இறங்கியபின், பாதிப் பேருக்கு இரண்டு வாரம் அதே மூச்சுப் பயிற்சி. இரு சாராருக்கும் மனச்சோர்வு குறைந்தது. பயிற்சி செய்தவர்களுக்கு அதிகமாகக் குறைந்தது. அவர்களின் இரத்தத்தில் கார்டிசால் என்ற சுரப்பும் இறங்கியிருந்தது. கார்டிசால் என்பது நெருக்கடியில் சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பி விடுகிற நீர். மனம் இலேசானது என்று வாயால் சொன்னதற்கு இரத்தம் சாட்சி சொல்லிற்று. மெய்ப்பாடு என்பதற்கு இதைவிட என்ன விளக்கம் வேண்டும்?

மூன்றாவது 2007. மனச்சிதைவு நோயுள்ள 61 பேர். எல்லோரும் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே, ஒரு பிரிவு யோகாசனமும் இன்னொரு பிரிவு சாதாரண உடற்பயிற்சியும் செய்தது. நான்கு மாத முடிவில், நோய்க்குறிகள் குறைவதிலும் மனிதரோடு பழகுவதிலும் யோகப் பிரிவு முன்னேறியிருந்தது. "மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே" என்ற சொல்லை நான் வேண்டுமென்றே இங்கே அழுத்துகிறேன்.

ஏனென்றால், எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். ஊர், பெயர் வேண்டாம். பையன் இரண்டு வருஷம் மாத்திரை சாப்பிட்டு, கடைக்கு வந்து கணக்கு எழுதும் அளவுக்குத் தேறிவிட்டான். கல்யாணப் பேச்சு எடுத்ததும் வீட்டில் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். பெண் வீட்டார் கண்ணில் பட்டுவிடுமாம்! "அதான் யோகா பண்றானே" என்று சமாதானம் வேறு. நாலாம் மாதம் அவனை ராத்திரியோடு ராத்திரியாகப் பெங்களூருக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. யோகம் அவனுக்குத் துரோகம் செய்யவில்லை. யோகம் சொல்லாத ஒன்றை அதன் வாயில் போட்டுக்கொண்டதுதான் வினை.

கோயிலும் சங்கிலியும்

நம் ஜனங்கள் இந்த நோய்க்கு முதலில் போவது கோயிலுக்கு. குணசீலம், சோளிங்கர் என்று அடுக்கலாம். இதை ஆராய்ச்சியாளர்கள் கேலி செய்யவில்லை. தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றில் முத்துசுவாமி கோயிலில் வந்து தங்கியிருந்த 31 மனநோயாளிகளை 2000ஆம் ஆண்டு நிம்ஹான்ஸ் மருத்துவர் ரகுராம் குழுவினர் பரிசோதித்தார்கள். அங்கே மருந்தும் இல்லை, சங்கிலியும் இல்லை. உடன் ஒரு உறவினர், பூசை, கோயில் வேலை, அமைதி. சில வாரம் தங்கியபின் நோய்க்குறிகளின் அளவு சராசரி நூற்றுக்கு 19 பங்கு குறைந்திருந்தது. 2002இல் இங்கிலாந்தின் புகழ்பெற்ற மருத்துவ இதழ் ஒன்று இதை வெளியிட்டது.

ஆனால் இதற்கு முந்தின ஆண்டுதான், 2001 ஆகஸ்டு 6ஆம் தேதி, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநோய்க் காப்பகம் ஒன்று தீப்பிடித்து 28 பேர் மாண்டார்கள். சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. புனிதத் தலம் என்று நம்பி உறவினர் கொண்டுவந்து விட்டுப்போனவர்கள் அவர்கள். முத்துசுவாமி கோயிலில் குணம் தந்தது எது, ஏர்வாடியில் உயிரைக் குடித்தது எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். முன்னதில் உறவினர் கூடவே இருந்தார். பின்னதில் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி 1957இல் பாகாயத்தில் மனநல மையம் தொடங்கியபோது, நோயாளியோடு குடும்பத்தாரும் வந்து தங்கும் முறையைக் கைக்கொண்டது இங்கே நினைவு கொள்ளத்தக்கது. சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் அடியோடு தடுத்துவிட்டது.

மைசூர் மிஷன் ஆஸ்பத்திரியின் பேரேடு

கடைசியாக ஒன்று. 1906இல் தொடங்கிய மைசூர் ஹோல்ட்ஸ்வொர்த் ஆஸ்பத்திரியை மிஷன் ஆஸ்பத்திரி என்றால்தான் நம்மவர்க்குத் தெரியும். அங்கே பிறந்த குழந்தைகளின் எடை, நீளம் எல்லாம் 1934 முதல் பேரேட்டில் எழுதி வைக்கப்பட்டிருந்தன. அந்தப் பேரேட்டை வைத்து, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் ஆய்வாளர்களோடு சேர்ந்து பெரிய ஆராய்ச்சி நடந்தது. 1997-98இல் அங்கே வந்த கர்ப்பிணிகளைப் பதிவு செய்து, பிறந்த பிள்ளைகளை ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்தார்கள். பிள்ளைகளுக்குப் பதின்மூன்று, பதினான்கு வயதானபோது டாக்டர் கிருஷ்ணவேணி குழுவினர் இருநூறுக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரு சோதனை வைத்தார்கள். அந்நியர் முன் நின்று பேச வேண்டும், மனக்கணக்குப் போட வேண்டும். கர்ப்ப காலத்தில் தாய்க்குச் சர்க்கரை நோய் இருந்திருந்தால், அந்தப் பிள்ளையின் இரத்த அழுத்தமும் இதயத்தின் வேலையும் நெருக்கடியில் மற்றவரைவிட அதிகமாக ஏறின. 2015இல் இது வெளிவந்தது. பயத்துக்கு உடம்பு எப்படிப் பதில் சொல்லும் என்பதில் கருவறைக்கும் ஒரு பங்கு இருக்கிறது. "பையன் சுபாவமே கோழைங்க" என்று பேசுவதற்கு முன் இதை ஒரு நிமிஷம் யோசிக்கலாம்.

நாம் செய்ய வேண்டியது

நிம்ஹான்ஸ் 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், வயது வந்தவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருப்பது தெரிந்தது. அவர்களில் பெரும்பாலோர் சிகிச்சைக்கே போகவில்லை. நம் சங்கத்தில் நூறு குடும்பம் இருந்தால் எத்தனை வீட்டில் இது இருக்கும் என்று கணக்குப் போட வியாபாரிக்கு நேரம் ஆகாது. சொந்த ஊராக இருந்தால் அத்தை, பெரியம்மா என்று யாராவது முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள். இங்கே அந்தக் கண்கள் இல்லை. எனவே சங்கத்தார்தான் ஒருவருக்கொருவர் அப்படி இருக்க வேண்டும்.

தூக்கம் கெட்டது, பசி போனது, காரணமில்லாமல் நெஞ்சு படபடக்கிறது, சோறு வைத்த தட்டைப் பார்த்து அழுகிறார்கள் என்றால் அவையும் மெய்ப்பாடுகள்தான். காய்ச்சலைப் போலவே எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். சாமராஜநகரிலேயே 2016 முதல் அரசு மருத்துவக் கல்லூரி நடக்கிறது. பெங்களூர் வரை ஓட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வெளியே தெரிந்துவிடும் என்ற கூச்சம் இருந்தால், 14416 என்ற எண்ணுக்கு வீட்டிலிருந்தே பேசலாம். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவை அது. கட்டணம் இல்லை, தமிழிலும் பேசுவார்கள். யோகம் செய்யுங்கள், கோயிலுக்கும் போங்கள், பஸதிக்கும் போங்கள். மருத்துவர் சொல்லாமல் மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள். நோயாளி எங்கே தங்கினாலும் வீட்டார் ஒருவர் கூட இருங்கள்.